எஸ்டேட் சாப்பாடும் இதயமும்

சென்னையின் மேற்குப் புறநகரில் இதய சிகிச்சைக்குப் பஞ்சமில்லை. 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். முகப்பேரில் 1987-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இதய நோய் மருத்துவமனை உருவாகவும் அவரே முன்னின்றார். இன்று போரூர், முகப்பேர், தண்டலம் என எந்தப் பக்கம் போனாலும் ஆஞ்சியோகிராம் செய்ய வசதி இருக்கிறது. முகப்பேரை ஒட்டியே அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் அமைந்த இந்த எஸ்டேட், தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. மேற்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும். தென்மேற்கே பூந்தமல்லி, அதைத் தாண்டினால் பெங்களூரு நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலைகள். உழைத்துச் சாப்பிடுகிறவர்களின் வட்டாரம் இது.

இந்த வட்டாரத்தை முன்வைத்து இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும். இங்கே வாழ்கிற ஒருவர் இதயத்தைக் காத்துக்கொள்ள என்ன சாப்பிட வேண்டும்? அப்படிச் சாப்பிட அவருடைய ரேஷன் கடையும் கேன்டீனும் தெருமுனைக் கடையும் இடம் தருகின்றனவா? உணவு ஆலோசனைகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அதிலும் ஆலிவ் எண்ணெய், ஓட்ஸ், சால்மன் மீன் என்று நம் சமையலறைக்கு வெளியே விடை தேடுகின்றன. முதல் கேள்விக்கான விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது, அது விலை உயர்ந்ததும் அல்ல. நாம் தோற்றுக்கொண்டிருப்பது இரண்டாவது கேள்வியில்.

ஆய்வுகள் காட்டும் நிலைமை

2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளில் முதன்முறை மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தது. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்பின் சீர்கேடு, தொப்பை, காய்கறி பழம் உண்ணாமை உள்ளிட்ட ஒன்பது காரணங்களே ஆபத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் விளக்கிவிடுகின்றன என்று அது கண்டது. தெற்காசியர்களைப் பற்றிய தனி அலசல் 2007-ல் வந்தது. மற்ற நாட்டினருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59 வயதை ஒட்டி வருகிறது. நமக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகள் படிப்பை முடிக்காத, வீட்டுக் கடன் தீராத வயது அது. நாள்தோறும் காய்கறி, பழம் உண்ணும் வழக்கம் தெற்காசியரிடம் குறைவு என்பதையும் அந்த அலசல் பதிவுசெய்தது.

சென்னையிலேயே நடந்த ஆய்வுகளும் உண்டு. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் திருமங்கலத்தில் ஒரு நடுத்தர வருவாய்க் குடியிருப்பிலும் தியாகராய நகரில் ஒரு குறைந்த வருவாய்க் குடியிருப்பிலும் நடத்திய ஆய்வின் முடிவு 2001-ல் வெளியானது. 20 வயதைக் கடந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே நிறுவனத்துடன் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. அதில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 11.4.

நம் ரத்தக் கொழுப்பின் போக்கு இந்த அலசலுக்கு முக்கியமானது. அதே ஆய்வின் 2014-ல் வெளியான பகுதி முடிவுகளில், தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளைச் சேர்ந்தவர்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைந்தவர்கள் 72 விழுக்காடு. ‘எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்’ என்று நிம்மதியடையும் பலர், பரிசோதனைத் தாளில் அடுத்த இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும்.

சோறா, கொழுப்பா?

நெய்யையும் ஆட்டுக்கறியையும் மட்டுமே குற்றவாளியாக நிறுத்தும் பழக்கம் நமக்கு இருக்கிறது. தட்டில் மலையாகக் குவியும் வெள்ளைச் சோறு அந்த விசாரணையிலிருந்து தப்பிவிடுகிறது. தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அது ஏறும்போது எச்.டி.எல். இறங்குகிறது, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்து, தமனிச் சுவருக்குள் எளிதாக நுழையும் தன்மை பெறுகின்றன. மேலே சொன்ன எண்களின் சாயல் இதோடு அப்படியே பொருந்துகிறது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று 2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. அதில் வெறும் 5 விழுக்காட்டைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதமாக மாற்றினால்கூட சர்க்கரை நோய் ஆபத்து குறையக்கூடும் என்பது அதன் கணக்கு.

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. 18 நாடுகளில் 1,35,000-க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு, மாவுச்சத்து மிக அதிகமாக உண்பவர்களிடம் இறப்பு கூடுதல் என்று 2017-ல் அறிவித்தது. ஏழை நாடுகளில் சோற்றையே நம்பி வாழ்கிறவர்களுக்கு வறுமையும் சேர்ந்தே கேடு செய்கிறது, பழியைச் சோற்றின்மேல் மட்டும் போடக் கூடாது என்று விமர்சகர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால், சோற்றைத் தவிர வேறெதையும் வாங்க முடியாத நிலையே கேடு என்றால், தட்டில் மற்றவை கூட வேண்டும் என்ற முடிவுக்குத்தான் இரு தரப்பும் வந்து சேர்கின்றன.

கைக்குத்தல் அரிசிக்கு மாறினால் போதுமா? சென்னையில் நடந்த சிறு சோதனையில், பழுப்பரிசி உண்டவர்களின் ரத்தச் சர்க்கரை ஏற்றம் வெள்ளை அரிசியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது; பருப்பு வகை சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. அடுத்து நடந்த, 3 மாத நீளமுள்ள பெரிய சோதனையில் எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை. உடல் பருமனும் வளர்சிதைக் கோளாறும் உள்ளவர்களுக்கே கிடைத்தது. அரிசியின் நிறத்தை மாற்றுவதைக் காட்டிலும் அளவைக் குறைப்பதுதான் முதல் வேலை. சிறுதானியத்துக்கும் இதே விதி. அம்பத்தூர், ஆவடி சாலையோரங்களில் வெயில் காலத்தில் நிற்கும் கூழ் வண்டிகள் குளிர்பானக் கடையைவிட எவ்வளவோ மேல். என்றாலும் கேழ்வரகை மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சும்போது அது வேகமாகச் செரிக்கிறது. தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயிலும் ஊறுகாயிலும் உப்பு தூக்கலாக இருக்கிறது. கூழைக் குடிக்கலாம், தொடுகறிக்கு வெங்காயமும் மாங்காயும் போதும்.

எண்ணெய்ச் சட்டி

இதனால் கொழுப்புக்கு விடுதலை கிடைத்துவிடாது. நிறைகொழுப்பு கூடும்போது எல்.டி.எல்.-ஐ ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் திறன் குறைகிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதியும் நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. நல்லெண்ணெயில் அதைவிடச் சற்றுக் குறைவு. நம் மண்ணில் தலைமுறைகளாக ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இதயத்துக்கு ஏற்றவையே. அளவுதான் பிடிமானம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரம்பு. நாளுக்கு மூன்று தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. மாலையில் ஷிப்ட் விடும் நேரத்தில் பட்டரவாக்கம் ரயில் நிலையத்தை நோக்கி நடக்கும் கூட்டம் பஜ்ஜிக் கடைகளில் நின்று போகும். சட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருக்கிறதா, ஓரத்தில் பிசுபிசுவென்று படிந்திருக்கிறதா, மாவைப் போட்டதும் நுரை அடங்காமல் பொங்குகிறதா, தீயைக் குறைத்த பிறகும் புகைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த எண்ணெய் பலமுறை காய்ந்தது. எண்ணெயின் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய கடைகளில் காய்ந்த எண்ணெய் சல்லிசாகச் சின்னக் கடைகளுக்குக் கைமாறுவதைத் தடுத்து, அதை பயோடீசலாக மாற்றும் திட்டமும் இருக்கிறது. வனஸ்பதி வழியாக வரும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 விழுக்காடு உச்சவரம்பு. இவை நல்ல சட்டங்கள். ஆனால், தள்ளுவண்டிக்காரர் பழைய எண்ணெயைக் கொட்டினால் அன்றைய லாபமே போய்விடும். அபராதம் மட்டும் விதித்து அவரைத் திருத்த முடியாது. பழைய எண்ணெயை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஆள் வாரம்தோறும் தெருவுக்கு வந்தால் அவர் தானாகவே மாறுவார்.

உப்பு: வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு

உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒரு மாதத்தில் தீர்ந்தால், தலைக்கு நாளுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரிப் பண்டம், சிப்ஸ் எல்லாம் இதற்கு மேல். சென்னையில் 2007-ல் வெளியான ஆய்வு கண்ட சராசரியும் 8.5 கிராம், அதிக உப்பு உண்டவர்களிடம் ரத்த அழுத்தமும் அதிகமாக இருந்தது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இரு வழிகளில் ஏறுகிறது. தயிர்சாதத்தில் ஏற்கெனவே உப்பு உண்டு. ஊறுகாய் அதற்கு மேல் போடும் உப்பு.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பற்றிச் சீனாவில் 600 கிராமங்களில் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. நம் ஊரிலும் அந்த உப்பு கிடைக்கிறது. ஆனால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மாதப் பொட்டலம் ஒன்றரை மாதம் வருகிற அளவுக்குக் கையைக் குறைப்பது. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவை உப்பின் குறையை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும். சில வாரங்களில் நாக்கும் பழகிவிடும்.

தட்டில் குறைவது எது

‘இதைச் சாப்பிடாதே’ என்ற பட்டியல் நீளமானது. உண்மையில் நம் தட்டின் பெரிய குறை, இருக்க வேண்டியவை இல்லாததுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை வகைகள் 35 கிராம் வேண்டும். எஸ்டேட் மெஸ்ஸில் கிடைக்கும் ஓர் அளவுச் சாப்பாட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தட்டில் 300 கிராம் சோறு. அதில் மட்டும் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நீர்த்த சாம்பார், ரசம், மோர். கிண்ணத்தின் அடியில் தெரியும் ஒரு கரண்டிப் பொரியல் 50 கிராம்கூட இராது. அதிலும் பாதி உருளைக்கிழங்கு. ஓர் அப்பளம், ஒரு துண்டு ஊறுகாய். மூன்று வேளையும் இதே சாயலில் சாப்பிட்டால் 400 கிராம் காய்கறியை அவர் எட்டவே மாட்டார்.

இதய நலத்துக்காக உலகம் சோதித்த உணவு முறைகளின் உட்பொருளை எடுத்துப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. ரத்த அழுத்தத்தைக் குறைக்க அமெரிக்காவில் சோதிக்கப்பட்டு 1997-ல் முடிவு வெளியான டேஷ் உணவு முறையின் மையம் காய்கறி, பழம், பருப்பு, கொட்டை, கொழுப்பு குறைந்த பால். ஸ்பெயினில் 7,400-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ப்ரெடிமெட் சோதனையில், ஆலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்த மத்திய தரைக்கடல் உணவு பெரிய இதய நோய்ச் சம்பவங்களை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. நடைமுறைக் குறைகள் தெரியவந்து 2018-ல் திருத்தி வெளியிட்டபோதும் முடிவு ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. சென்னையில் சர்க்கரை நோயாளிகள் 300 பேரிடம் நடந்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. நாளுக்கு 30 கிராம் முந்திரி, 12 வாரம். உடல் எடை கூடவில்லை. மேல் ரத்த அழுத்தம் குறைந்தது, எச்.டி.எல். சற்று ஏறியது. முந்திரி எட்டாத வீட்டுக்கு வேர்க்கடலை இருக்கிறது. உப்பில்லாமல் வறுத்த ஒரு கைப்பிடி, டீக்கடை பட்டர் பிஸ்கட்டின் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஆகவே நம் பட்டியல் இப்படி அமையும். காலையில் இட்லியைக் குறைத்து, பருப்பும் காயும் நிறைந்த சாம்பாரைக் கூட்டிக்கொள்ளலாம். பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு என ஏதேனும் ஒரு சுண்டல் நாள்தோறும் இருக்கட்டும். இவற்றின் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்கிறது. முருங்கைக் கீரை, அரைக்கீரை, சிறுகீரை. கோயம்பேடு சந்தை பக்கத்திலேயே இருக்கும் வட்டாரத்தில் காய் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாரம் இரண்டு நாள் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி. ஒமேகா-3 கொழுப்பு மிகுந்த இந்த மலிவு மீன்களைக் குழம்பாக வைத்தால் பலன் நிற்கும். எண்ணெயில் முறுகப் பொரித்தால் போய்விடும். முட்டையைக் கண்டு நலமாக இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பழத்தைச் சாறாக்காமல் கடித்துத் தின்ன வேண்டும், கொய்யா போதும்.

எப்போது சாப்பிடுகிறோம்

எஸ்டேட்டிலும் ஆவடியிலும் நைட் ஷிப்ட் அன்றாட நடைமுறை. அமெரிக்கச் செவிலியர்கள் ஏறத்தாழ 1,89,000 பேரை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, மாறி மாறி இரவுப் பணி செய்தவர்களுக்கு இதயத் தமனி நோய் கூடுதலாக வந்ததை 2016-ல் காட்டியது. நள்ளிரவில் இன்சுலின் மந்தமாக வேலை செய்கிறது. பகலில் தாங்கும் அதே பரோட்டாவும் சால்னாவும் இரவு இரண்டு மணிக்கு ரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் நெடுநேரம் தங்கவைக்கின்றன. வேலைக்குப் போகும் முன் முழுச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ அவித்த முட்டையோ மோரோ, விடிந்து வீடு திரும்பியதும் லேசான டிபன், பிறகு தூக்கம் என்ற வரிசைதான் உடலுக்கு ஒத்துவரும். கண் சொக்காமலிருக்க இரவெல்லாம் குடிக்கும் டீயில் சர்க்கரையைப் பாதியாக்கினாலே கணிசமான லாபம்.

மாற வேண்டியது யார்

இவ்வளவும் தெரிந்த ஒருவர் மாற நினைத்தாலும் வழி மறிக்கப்படுகிறது. ரேஷன் கடையிலிருந்து தொடங்கலாம். நான்கு பேர் உள்ள அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். தலைக்கு நாளுக்கு என்று பிரித்தால் அரிசி 160 கிராமுக்கு மேல், பருப்பு 8 கிராம். உப்பு தின்னும் அளவுக்கே பருப்பும் கிடைக்கிறது. பசியை ஒழித்த இலவச அரிசியை நான் பெருமையோடுதான் பார்க்கிறேன். அதில் கை வைக்கக் கூடாது. அடுத்த படியாகப் பருப்பை இரண்டு, மூன்று கிலோவாக உயர்த்துவதும், விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கும் கடலை எண்ணெயைப் பாமாயிலுக்குப் பதிலாகத் தருவதும் அரசால் ஆகக்கூடியவை.

அடுத்தது கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றும், அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்றும் 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியது. ஆனால், அம்பத்தூர் எஸ்டேட்டில் மிகப் பல பட்டறைகள் அதற்கும் கீழே ஆள் வைத்திருப்பவை. லேத்தில் நிற்பவரும், அறையெடுத்துத் தங்கும் ஒடிசா, பிகார் இளைஞரும் சட்டத்தின் கேன்டீனுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு மெஸ்ஸும் தள்ளுவண்டியும்தான் கதி. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம், குறைந்த விலையில் சமைத்த உணவைப் பெருநகரம் முழுக்கத் தர முடியும் என்று நிரூபித்திருக்கிறது. அதே முறையில் எஸ்டேட்டின் சிறு நிறுவனங்கள் சேர்ந்து பொது உணவுக்கூடங்கள் அமைக்க முடியும். இடத்தை அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ தரலாம், செலவை முதலாளிகளும் அரசும் பகிரலாம். பெரிய ஆலைகளில் தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சில் காட்டும் அக்கறையை கேன்டீன் குழுவிலும் காட்ட வேண்டும். இரண்டு கரண்டிப் பொரியல், கெட்டிச் சாம்பார், தினமும் ஒரு சுண்டல், அப்பளத்துக்குப் பதில் வெள்ளரி என்ற நான்கு கோரிக்கைகளுக்குப் பெரிய செலவில்லை.

இது நடக்குமா என்பவர்களுக்கு இரண்டு முன்னுதாரணங்கள். பின்லாந்தின் வடக்கு கரேலியா மாகாணத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம், மக்களிடம் பிரசாரம் செய்வதோடு நிற்காமல் பால் பண்ணை, இறைச்சிப் பண்டத் தயாரிப்பாளர், கடைக்காரர் எல்லோரையும் மாற்றியது. முப்பது நாற்பது ஆண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. திருமங்கலத்து ஆய்வில் பங்கேற்ற ஆசியாட் காலனி மக்கள், தங்கள் உடல்நிலையின் முடிவுகளைக் கேட்டறிந்த பிறகு சொந்தப் பணத்தில் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று நாளாவது உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14 விழுக்காட்டிலிருந்து ஏழு ஆண்டில் ஏறத்தாழ 59 ஆனார்கள். நடக்க இடம் கிடைத்ததும் மக்கள் நடந்தார்கள். நல்ல உணவு கைக்கெட்டினால் அதையும் உண்பார்கள் என்று நம்ப இது போதுமான சான்று.

உணவு மாத்திரைக்கு மாற்றல்ல. மருத்துவர் எழுதித் தந்ததை நிறுத்தக் கூடாது; நெஞ்சில் இறுக்கம், இடக்கை வலி, வியர்வை என்றால் வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன. பணியிடங்களுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் அரசுத் திட்டமும் இருக்கிறது. அந்தக் குழு அடுத்த முறை எஸ்டேட்டுக்கு வரும்போது, தொழிலாளியின் ரத்தத்தைச் சோதிப்பதோடு அவர் மதியம் சாப்பிடும் இடத்துக்கும் போக வேண்டும். சட்டியில் எண்ணெய் எப்படியிருக்கிறது, ஒரு தட்டில் காய் எத்தனை கிராம், சாம்பாரில் உப்பு எவ்வளவு என்று எழுதிவர வேண்டும். அந்த அறிக்கை நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஆளுக்கொரு பிரதியாகப் போக வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று கண்டறிந்து சொல்லிவிட்டு, மறுநாளும் அதே தட்டின் முன் அவரை உட்காரவைப்பது பாதி மருத்துவம். மீதிப் பாதியைச் செய்யத் தேவையான அறிவும் காயும் பருப்பும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.